தெரிந்துவிட்டால் மாறிவிடுவோமா?

பள்ளிக்குப் பள்ளி செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சுற்றுச்சூழல் பாடம் நடத்தினால், அதையும் காலநிலைக் கொள்கையில் ஒரு வழியாகச் சேர்க்கலாமா? மின்சாரப் பேருந்துக்கும் சூரிய மின்தகட்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் இதற்கும் பங்கு கொடுக்கலாமா? டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு: விஷயம் தெரியாததால்தான் மக்கள் மாறவில்லை, தெரிந்தால் மாறிவிடுவார்கள். ஆனால் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லிவிட்டது. பசுமை இல்ல வாயுக்கள் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதிய நாம்தான் தெருமுனைக் கடைக்கும் பைக்கை எடுக்கிறோம். தெரியாமலா எடுக்கிறோம்?

அப்படியானால் கல்வி வீணா? அதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு காலநிலைப் படிப்பை முடித்தவர்களைப் பல ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.86 டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தீர்வுகளோடு அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பிடிப்பு ஏற்பட்டிருந்தது என்றும் சொன்னது.

இந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வர முடியாது. சராசரி இந்தியர் வெளியிடுவதே ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான். இல்லாததை எப்படிக் குறைப்பது? இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெய்க் கடையில் முதலில் வெறும் தூக்குவாளியை நிறுத்து, அந்த எடையைக் கழிப்பார்கள் அல்லவா? அதுபோல, ஏற்கெனவே அக்கறை இருந்ததால் அந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் எப்படியும் குறைத்திருக்கக்கூடியதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதைத்தான் கொள்கை வகுப்பவர்கள் ‘கூடுதல் பயன்’ என்கிறார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். அதுவே மின்சாரத்தைத் தின்னுமே என்ற கவலை இந்த விஷயத்தில் பெரிதில்லை. தன் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஜெமினிக்கு வரும் எழுத்துக் கேள்விகளில் நடுத்தரமான (மீடியன்) ஒன்றுக்கு 0.24 வாட்-மணி செலவாகிறது என்று 2025-ல் கூகுள் சொன்னது. 9 வாட் எல்இடி பல்ப் சுமார் ஒன்றரை நிமிடம் எரிவதற்கான மின்சாரம். உண்மையான சிக்கல் வேறு. இந்தக் கருவி தகவல் கொடுப்பதில் கெட்டிக்காரன். நம்மிடம் குறைவாக இருப்பதோ தகவல் அல்ல.

ஆனால் அதே கருவி, ஒரு மாணவியோடு அவள் வீட்டுக் கரன்ட் பில்லைப் பிரித்துப் பார்த்து, யூனிட் எங்கே போகிறது என்று தேட உதவலாம். ஊருக்குப் பேருந்து கேட்டு மனு எழுத உதவலாம். ஆசிரியரும் கூட இருந்தால், கலிஃபோர்னிய மாணவர்களுக்கு வந்த அந்தப் பிடிப்பு இங்கும் வரக்கூடும். பேருந்தே வராத ஊரில் எத்தனை நல்ல பாடமும் பைக்கை நிறுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே, மொத்தமாகப் பணம் கொட்டும் முன் சில பள்ளிகளில் கொடுத்தும், அதே மாதிரியான வேறு சில பள்ளிகளில் கொடுக்காமலும் பார்க்கலாம். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் தூக்குவாளியின் எடை தானே கழிந்துவிடும். ஓரிரு ஆண்டு வீட்டுக் கரன்ட் பில்களை ஒப்பிடுவோம். அவற்றில் வித்தியாசம் தெரிந்தால் காலநிலை நிதியிலிருந்து கொடுக்கலாம். தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் தெரிந்தால், நல்ல திட்டம்தான். செலவைக் கல்வித் துறை ஏற்கட்டும்.