லட்சக்கணக்குல பம்ப் வாங்கியும் இட்லி சாப்பிட்டா சுகர் ஏன் 260?

வழக்கமா நாம எஸ்ஐபி, டேர்ம் பாலிசி, வீட்டுக்கடன்னு பேசுவோம். இன்னைக்கு என் உடம்பைப் பத்தியும் கொஞ்சம் பேசணும், ஏன்னா அதுல நிறைய காசு போயிருக்கு. எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருக்குன்னு ஒரு வீடியோவுல சொன்னதுக்கு அப்புறம் பலர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, இன்சுலின் பம்ப் வாங்கிட்டா சாப்பிட்டதும் சுகர் எகிர்றது நின்னுடுமா?"

நிற்காது. நானும் நின்னுடும்னு நம்பித்தான் இ.எம்.ஐ. போட்டு வாங்கினேன். வாங்கின முதல் வாரம், ஆபீஸ் கேண்டீன்ல நாலு இட்லி. முதல் வாய் வைக்கும்போதே பம்ப்ல கணக்குப்படி டோஸ் கொடுத்துட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு சென்சார் 262ன்னு காட்டுது. ஊசி போட்ட காலத்துல வந்த அதே நம்பர்!

இது ஏன்னு புரிய, உங்க சம்பளத் தேதியை நினைச்சுக்கோங்க. சம்பளம் 7ஆம் தேதி வருது, இ.எம்.ஐ. 5ஆம் தேதி எடுக்கிறாங்க. மாசக் கணக்குல வரவு செலவு சரியாத்தான் இருக்கு. ஆனாலும் 5ஆம் தேதி பவுன்ஸ் ஆகும், அபராதம் விழும். தப்பு தொகையில இல்லை, தேதியில. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சுகரும் பெரும்பாலும் இப்படித்தான்.

இட்லி மாவு அரைச்சு, புளிச்சு, ஆவியில வெந்தது. வயிற்றுக்குள்ள போனா சீக்கிரம் செரிச்சு ரத்தத்துல சர்க்கரையா வந்துடும். நல்லா வேலை செய்யற கணையம் இன்சுலினை நேரா கல்லீரலுக்குப் போகிற ரத்தக்குழாயிலேயே விடுது, அதுவும் சில நிமிஷத்துல. பம்ப் விடுறது தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புல. அங்கிருந்து ரத்தத்துல கலந்து வேலையை ஆரம்பிக்கவே 10 முதல் 20 நிமிஷம் ஆகும். முழு வேகம் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல. முழுசா தீர 3 முதல் 5 மணி நேரம். விலை உயர்ந்த பம்ப்ல போனாலும் சாதாரண பேனா ஊசியில போனாலும் உள்ளே போறது அதே வேக இன்சுலின்தான். பம்ப் வாங்கினா மருந்தோட வேகம் கூடாது. இதை விற்கும்போது யாரும் அழுத்திச் சொல்றதில்லை.

அதனால முதல் வேலை, தேதியை முன்னாடி நகர்த்துறது. சாப்பாட்டுக்கான டோஸை, அதாவது போலஸை, சாப்பிட ஆரம்பிக்கும்போது கொடுக்காம 15 முதல் 20 நிமிஷம் முன்னாடியே கொடுக்கணும். இதுக்கு பைசா செலவில்லை. பேனா ஊசி போடுறவங்களும் இன்னைக்கே உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிக்கலாம். அதே நாலு இட்லி, அதே 5 யூனிட். கால் மணி நேரம் முன்னாடி கொடுத்த நாள்ல எனக்கு 180 பக்கத்துலயே நின்னுடுச்சு. (10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட்ங்கிறது என் விகிதம். உங்களுக்கு வேற. தயவுசெஞ்சு என் நம்பரை எடுத்துப் போட்டுக்காதீங்க.)

180ங்கிற நம்பருக்கும் காரணம் இருக்கு. சாப்பிட ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வர்ற உச்சம் 180க்குக் கீழே இருக்கணும்ங்கிறதுதான் பெரும்பாலானவங்களுக்கு டாக்டர்கள் சொல்ற பொது இலக்கு. சென்சார் போட்டிருந்தா ஒரு நாள்ல 70 சதவீதத்துக்கு மேல நேரம் 70க்கும் 180க்கும் நடுவுல இருக்கணும். கவனிங்க, 100 சதவீதம் இல்லை. பிரியாணி சாப்பிட்ட அன்னைக்கு 210 போச்சுன்னா வாழ்க்கை முடிஞ்சுடலை.

ஆனா "15 நிமிஷம் முன்னாடி"ங்கிறது சொல்ல எளிது, நம்ம ஆபீஸ் வாழ்க்கையில செய்யறது கஷ்டம். கேண்டீன் வரிசையில நிற்கும்போதே டோஸ் கொடுத்துட்டீங்க, கவுண்டருக்குப் போனா "இட்லி தீர்ந்துடுச்சு சார், பத்து நிமிஷம்"ங்கிறாங்க. ஸ்விக்கில ஆர்டர் போட்டு, டெலிவரி தம்பி பக்கத்துல வந்துட்டார்னு நம்பி டோஸ் போட்டா, அவர் சிக்னல்ல மாட்டிக்கிறார். உள்ளே போன இன்சுலின் யாருக்காகவும் காத்திருக்காது. நான் வெச்சிருக்கிற வழக்கம் இது: சாப்பாடு என் கைக்கு வந்த பிறகுதான் டோஸ். அப்புறம் கால் மணி நேரம் மெயில் பார்ப்பேன். எவ்வளவு சாப்பிடுவேன்னு தெரியாத கல்யாணப் பந்தியில பாதி முன்னாடி, மீதி இலையைப் பார்த்துட்டு. சாப்பாட்டுக்கு முன்னாடியே சுகர் 80 பக்கமா இருந்தாலோ, அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தாலோ காத்திருக்கவே மாட்டேன், நேரா சாப்பாடுதான்.

இனி அந்த 262 வந்த நாள்ல நான் செஞ்ச முட்டாள்தனம். நம்பரைப் பார்த்ததும் கோபம். பத்து மணிக்கு 2 யூனிட் கூடுதலா போட்டேன். பம்ப் எச்சரிச்சுது, "ஏற்கனவே உள்ளே இன்சுலின் மிச்சம் இருக்கு, இப்போ தேவையில்லை"ன்னு. அதைத் தள்ளிட்டு நானே கையால கொடுத்தேன். 10.40க்கு இன்னும் 240. இன்னொரு 1 யூனிட். மதியம் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணிட்டிருக்கேன், கை நடுங்குது, சட்டை முழுக்க வேர்வை, எதிர்ல பேசுறது காதுல விழுது, மண்டைக்குள்ள ஏறலை. சென்சார் 54, அம்பு இன்னும் கீழே. பக்கத்துல இருந்த பொண்ணு என் பையில இருந்த குளுக்கோஸ் பொடியை எடுத்துக் கரைச்சுக் கொடுத்துது. அவங்களுக்கு மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன், அதனால தப்பிச்சேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தா எனக்கே வெட்கமா இருந்துச்சு. பத்து மணிக்கு முதல் 5 யூனிட்ல ஏறக்குறைய 3.5 யூனிட் இன்னும் வேலை செய்யாம உள்ளே இருந்திருக்கு. என் உடம்புல 1 யூனிட் சுமார் 50 குறைக்கும். அப்படின்னா 175 குறையறதுக்கான மருந்து ஏற்கனவே போயாச்சு. நான் செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்லை, தண்ணி குடிச்சுட்டு காத்திருக்கணும். போட்ட செக் கணக்குல இறங்கலைன்னு அதே ஆளுக்கு இன்னும் ரெண்டு செக் கொடுத்த மாதிரி. பம்ப்ல "ஆக்டிவ் இன்சுலின்"னு ஒரு எண் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் ஏறினா முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான். 70க்குக் கீழே போயிட்டா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும்.

அந்தக் கொழுப்பு விஷயம்தான் பரோட்டா, பிரியாணி, பீட்சா கதை. ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு முழு டோஸையும் முன்னாடியே கொடுத்தா, 11 மணிக்கு சுகர் இறங்கும், 2 மணிக்குத் தூக்கத்துல எகிறும். எண்ணெய் செரிமானத்தை மெதுவாக்குது. இங்கேதான் பம்ப் தன் விலைக்கு வேலை செய்யும். டோஸைப் பிரிச்சு, ஒரு பகுதியை இப்பவும் மிச்சத்தை ரெண்டு மூணு மணி நேரத்துல சொட்டுச் சொட்டாவும் கொடுக்கலாம். பேனா ஊசியால இது முடியாது. எத்தனை சதவீதம் இப்போ, எத்தனை மணி நேரம்னு உங்க டாக்டரோட சேர்ந்து, ஒரே சாப்பாட்டை ரெண்டு மூணு தடவை சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். சென்சாரைப் பார்த்துத் தானா இன்சுலினை மாத்துற பம்புகள்ல சிலதுல, ஆட்டோ மோட் ஓடும்போது இந்தப் பிரிக்கிற வசதி வராது. வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க. அந்த மாதிரி பம்ப் வெச்சிருக்கீங்க, டோஸ் கொடுக்க மறந்து ஒரு மணி நேரம் ஆயிடுச்சுன்னா, முழு டோஸையும் அப்போ போடாதீங்க. அதுக்குள்ள அதுவே கொஞ்சம் கொடுத்திருக்கும்.

சோத்தோட அளவைக் கண்ணால மதிப்பிடுறதும் ஒரு பெரிய ஓட்டை. வெந்த சோறு 100 கிராம்ல ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. நான் "ஒரு கப்"னு நினைச்சுப் போட்டது தராசுல 240 கிராம் இருந்துச்சு, அதாவது 67 கிராம் மாவுச்சத்து. 45ன்னு கணக்கு போட்டுட்டிருந்தேன். ஒரு சமையலறைத் தராசு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டு விலைதான், ஒரு மாசம் நிறுத்துப் பார்த்தா கண்ணு பழகிடும். முதல்ல பொரியல், முட்டை, அப்புறம் சோறுன்னு வரிசையை மாத்தினாலும், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடந்தாலும் உச்சம் கொஞ்சம் தணியும். ஆபீஸ்ல டீ குடிக்கப் போறவங்களோட சேர்ந்து நடங்க, டீயில மட்டும் சர்க்கரை வேண்டாம்.

இப்போ காசு பக்கம் வருவோம். பம்ப் விலையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க. செட், ரிசர்வாயர், சென்சார் மாசாமாசம் வேணும். உதாரணத்துக்கு மாசம் 12,000 ரூபாய்னு வெச்சாலும் வருஷத்துக்கு 1,44,000. நாலு வருஷத்துல 5,76,000. இதைத் தாங்க முடியலைன்னா ஆளுங்க செய்யறது என்ன தெரியுமா? தோல்ல குத்தியிருக்கிற செட்டை இழுக்கிறது. சாதாரண செட்டை 2, 3 நாளுக்கு ஒரு தடவை மாத்தணும் (7 நாளுக்குன்னே வர்றது தனி ரகம்). நானும் மிச்சம் பிடிக்கிறேன்னு அஞ்சு நாள் வரைக்கும் ஓட்டியிருக்கேன். நாலாவது நாள்ல இருந்து என்ன சாப்பிட்டாலும் 250, 280. அந்த இடம் வீங்கி இன்சுலின் சரியா உறிஞ்சலை. மிச்சம் பிடிச்ச காசு கூடுதல் இன்சுலினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் போச்சு. அதே இடத்துலயே திரும்பத் திரும்பக் குத்தினாலும் தோல் கட்டியாகி இதே கதைதான்.

இதுல ஆபத்தான ஒரு வகையும் இருக்கு. பம்ப்ல நீண்ட நேர இன்சுலின் கிடையாது, வேக இன்சுலின் மட்டும்தான். குழாய் மடங்கிட்டா சில மணி நேரத்துலேயே உடம்புல இன்சுலின் இல்லாமப் போய் கீட்டோன் சேர ஆரம்பிக்கும். சுகர் 250க்கு மேல ஏறி, பம்ப் வழியா திருத்த டோஸ் கொடுத்தும் ரெண்டு மணி நேரத்துல இறங்கலைன்னா, அதை இட்லி மேல பழி போடாதீங்க. பேனாவால ஊசி போட்டு, செட்டை மாத்தி, கீட்டோன் பாருங்க. வாந்தியும் சேர்ந்தா நேரா ஆஸ்பத்திரி. அதனால ஒரு பேனா, ஊசி, ஒரு உபரி செட் எப்பவும் ஆபீஸ் பையில. பைக் டிக்கில மட்டும் வைக்காதீங்க, வெயில்ல இன்சுலின் கெட்டுடும்.

இன்சூரன்ஸ் பத்தி சுருக்கமா. வழக்கமான மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரியில சேர்ந்தாத்தான் பணம் தரும், பம்புக்கும் செட்டுக்கும் பெரும்பாலும் தராது. பாலிசி வார்த்தைகளைப் படிச்சுட்டு எழுத்துல கேளுங்க. முன்பே இருக்கிற நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம்னு 2024ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைச்சிருக்கு, முன்னாடி 48. கம்பெனி குரூப் பாலிசியில பல இடத்துல முதல் நாள்ல இருந்தே கவர் இருக்கும், ஆனா வேலையை விட்டா அதுவும் போயிடும். அதனால சொந்தமா ஒரு பாலிசி எடுத்து, நோயை மறைக்காம எழுதி, அந்த 36 மாசத்தை இப்பவே ஓட விடுங்க. வரியில 80டிடிபி கழிவு கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த நோய்ப் பட்டியல்ல சர்க்கரை நோய் இல்லை.

பம்ப் வாங்கலாமான்னு இன்னும் யோசிக்கிறவங்க, முதல்ல ஒரே ஒரு சென்சார் வாங்கி ரெண்டு வாரம் போட்டுக்கோங்க. முதல் வாரம் இப்போ போடுற மாதிரியே ஊசி. ரெண்டாவது வாரம் டாக்டர்கிட்ட சொல்லிட்டு 15 நிமிஷம் முன்னாடி. ரெண்டு வாரத்துக் கோடுகளையும் பிரிண்ட் எடுத்து டாக்டர் மேஜையில வெச்சுட்டு, அப்புறம் பம்ப் பேச்சை ஆரம்பிங்க.