மாற்று உறுப்பு பெற்ற குழந்தையைக் கிருமியிலிருந்து காப்போம்



1998 நவம்பரில், இரண்டு வயது கூட நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு டெல்லியில் கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடந்தது. தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் தகப்பனார். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகிவிட்டார். இன்று இச்சிகிச்சை சென்னையிலேயே கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இடம் உண்டு.

ஆனால் ஆபரேஷனோடு கவலை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது.

ஆபத்து ஏன்?

புதிய உறுப்பை உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்க்கும். அதைத் தடுக்கத் தினமும் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரை, கிருமியை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும்.

முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். சி.எம்.வி., இ.பி.வி. என்ற இரண்டு வைரஸ் கிருமிகள் பெரியவர்கள் பெரும்பாலோர் உடம்பில் தொல்லை தராமல் தங்கியிருக்கின்றன. கொடுக்கும் உறுப்போடு இவையும் குழந்தைக்குப் போகலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே இருவர் இரத்தத்தையும் சோதிப்பார்கள். கொடுப்பவருக்குக் கிருமி இருந்து, குழந்தைக்கு அது இதுவரை வராமலே இருந்தால் ஆபத்து மிக அதிகம். இருவருக்குமே இல்லையென்றால் ஆபத்து குறைவு. முதல் ஆறு மாதம் மிகக் கவனம் தேவை. பிறகு மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் ஆபத்து கூடும்.

"நான் கொடுத்ததாலதானே புள்ளைக்கு வந்துச்சு?" என்று எந்தத் தாய் தகப்பனும் மனம் நோக வேண்டாம். முன்பே தெரிந்தால் சி.எம்.வி.க்குத் தடுப்பு மருந்து கொடுக்கலாம். காய்ச்சல் வருமுன்பே இரத்தச் சோதனையில் கிருமியைக் கண்டுபிடிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இரத்தச் சோதனைத் தேதி தவறக் கூடாது. "நடவு இருக்கு, அடுத்த மாசம் போலாம்" என்று தள்ளாதீர்கள். குழந்தை ஓடியாடினாலும் சோதனை அவசியம்.

2. காய்ச்சல், பேதி, சோர்வு, கழுத்தில் கட்டி கண்டால் கடை மாத்திரை வேண்டாம். அன்றே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அவசரமென்றால் 108-ஐக் கூப்பிட்டு, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும்.

3. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்தும் கொடுக்காதீர்கள்.

4. தடுப்பூசிகளை முடிந்தவரை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பிறகு தட்டம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து போன்றவற்றை டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்குமுன்பும் நர்சம்மாவிடம் இந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்.

5. அம்மை கண்ட வீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போகாதீர்கள். தெரியாமல் போய்விட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒருவர் மறந்தாலும் மற்றவர் நினைவூட்டுங்கள். நாள் தவறாத கவனிப்பே குழந்தைக்குக் காவல்!