பெரட்டு நேரத்து ஓட்டம்

நமக்குக் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வெளிநாட்டு ஓட்டப் பயிற்சிப் புத்தகங்கள், கோடை மாதங்களைப் பொறுத்துக்கொண்டால் பிறகு குளிர்ந்துவிடும் என்று தைரியம் சொல்லும். பாகான் செராயில் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் வெயில் கூடுதலாகக் கொளுத்தும். மற்ற மாதங்களில் சற்றுக் குறைவாகக் கொளுத்தும். ஆண்டு இறுதியில் பினாங்கு பாலம் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வார இறுதிகளில் 25, 30 கிலோமீட்டர் ஓடிப் பழகும் நம்மவர்களுக்கு முதலில் சோர்ந்துபோவது கால் அல்ல, மனசு.

சோர வைப்பது பெரும்பாலும் கையில் கட்டியிருக்கும் கடிகாரம்தான். எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு தங்கச்சி இருக்கிறார். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நான்கு மாதம் ஒழுங்காக ஓடியும், நீண்ட ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. “எனக்கு இது ஒத்து வராதுண்ணே, விட்டுடறேன்” என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். குழுவில் மூத்தவர் ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். அவர் சிரித்துக்கொண்டே, “மணியக் கழட்டி வீட்ல வச்சிட்டு வாம்மா. ரெண்டரை மணி நேரம் கால் அசைஞ்சா போதும்” என்றார். அந்தத் தங்கச்சி இன்னும் ஓடுகிறார்.

அண்ணன் அனுபவத்தில் சொன்னதற்கு உடலியலில் காரணம் இருக்கிறது. சூட்டில் ஓடும்போது இதயம் இரண்டு வேலை பார்க்கிறது. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வியர்வையில் நீர் குறையக் குறைய, அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. ஆகவே மெதுவாக ஓடுவது சோம்பேறித்தனம் அல்ல. உடம்பு போடும் சரியான கணக்கு.

1998 செப்டம்பரைப் பாருங்கள். அந்த மாதம் பெர்லினில் பிரேசில் வீரர் ரொனால்டோ டா கோஸ்டா 2 மணி 6 நிமிடம் 5 விநாடியில் மாரத்தான் உலகச் சாதனை படைத்தார். அதே மாதம் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் லெசோத்தோவின் தாபிசோ மொகாலி 2 மணி 19 நிமிடத்தில் ஓடித் தங்கம் வென்றார். இருவரும் ஒரே தரத்தவர் இல்லைதான். ஆனாலும் அந்த 13 நிமிடத்தில் நம் ஊர்ச் சூட்டுக்கும் பங்கு உண்டு. அதே காமன்வெல்த் போட்டியின் 50 கிலோமீட்டர் நடையோட்டத்தில் நம் ஜி. சரவணன் 4 மணி 10 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவுக்கு அதுதான் முதல் தங்கம். ஐரோப்பாவின் குளிரில் அந்த நேரம் யாரையும் அசத்தியிருக்காது. ஆனால் பந்தயம் நடந்தது இங்கே. அவரை முந்த அன்று யாரும் இல்லை.

எப்போது ஓடுவது என்பதை நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டாலே போதும். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். மரத்தினுள் நீரின் அழுத்தம் இருட்டில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது மட்டுப்படும். ஓடுகிறவன் உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தினார்கள். அதனால் இங்கே சூரியன் எழுவதே காலை 7 மணிக்குப் பிறகுதான். ஐந்தே காலுக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் நம் கையில். அந்நேரத்தில் வெப்பம் 24, 25 பாகைதான். ஈரப்பதம் மட்டும் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும், பரவாயில்லை.

கிரியான் வட்டாரம் நெல் வயல். புக்கிட் மேரா ஏரியிலிருந்து 1906 முதல் தண்ணீர் பாயும் சமவெளி. வாய்க்கால் கரைகள் தட்டையாக, நேராகப் போகும். ஓடுவதற்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது. வெயில் ஏறிய பிறகு இதைவிடக் கொடிய பாதையும் கிடைக்காது. ஒதுங்க ஒரு மரம் இருக்காது. அதனால் நாங்கள் ஒரேயடியாகப் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதில்லை. ஐந்து கிலோமீட்டர் வட்டமாக ஐந்து முறை சுற்றுகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் மோட்டார் சைக்கிள் கூடையில் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர்ப் போத்தல் காத்திருக்கும். ‘இன்னும் பதினைந்து கிலோமீட்டர்’ என்பதைவிட ‘அடுத்த போத்தல் வரைக்கும்’ என்பதை மனசு எளிதாக ஏற்றுக்கொள்கிறது.

தண்ணீரிலும் அளவு வேண்டும். வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரைச் சோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்கு இந்தக் குறை இருந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

சூட்டுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் பிடிக்கும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும். குளிரூட்டிய அறையில் சில வாரம் முடங்கினால் அந்தப் பழக்கம் மெல்லப் போய்விடும். நான் கண்டவரை, விட்டு விட்டு ஓடுகிறவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள்.

உற்சாகம் தேடி யூடியூப் காணொளி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. படுக்கையிலிருந்து என்னை எழுப்புவது ஒன்றே ஒன்று: ரயில் நிலையத்தின் முன் அந்த அண்ணன் விளக்கோடு நிற்பார் என்பது. ஐந்து நிமிடம் தாமதித்தாலும் திட்ட மாட்டார். பேசாமல் நிற்பார். அதுதான் தாங்காது.

அதே அண்ணன் ‘இன்னைக்கு வேணாம்’ என்று சொன்னாலும் அதே மரியாதைதான். மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டால் மெட்மலேசியா முதல் நிலை எச்சரிக்கை விடும். அந்த நாள்களில் தூரத்தைப் பாதியாக்குகிறோம். புகைமூட்டம் வந்தால் ஓட்டமே இல்லை. 2015-ல் கோலாலம்பூர் மாரத்தானையே அதற்காக ரத்து செய்தார்கள். 2019 தோஹா உலகப் போட்டியில் நள்ளிரவில் தொடங்கியும், மாரத்தான் ஓடிய 68 பெண்களில் 28 பேர் முடிக்கவில்லை. உலகின் சிறந்த கால்கள் அவை.

கூட ஓடுகிறவர் பேச்சு குழறினால், தள்ளாடினால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தால் அது வெப்பத் தாக்கம். 999-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதற்கென்றே மோட்டார் சைக்கிளில் ஐந்து லிட்டர் டின் ஒன்று கட்டி வைத்திருக்கிறோம். இதுவரை அதை அதற்காகத் திறந்ததில்லை. ஓட்டம் முடிந்ததும் முகம் கழுவத்தான் தீர்கிறது; அடுத்த வாரம் நிரப்புவது யார் முறை என்பதில்தான் சண்டை.