ஞானப்பல்: எப்போது எடுக்க வேண்டும், எப்போது விட்டுவிடலாம்?



திருவாலங்காட்டிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் எங்கள் பல் பிரிவுக்கு வரும் வாலிபர்களில் இரண்டு விதமானவர்களைப் பார்க்கிறோம். ஒரு விதத்தார் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் வருகிறார்கள். மற்றவர்களுக்கு வலியே இல்லை. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் ஞானப்பல் சாய்ந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பயந்துபோய் வருகிறார்கள். முதலாமவர்களில் பலர் வர வேண்டிய நேரத்துக்குப் பிந்தி வந்தவர்கள். இரண்டாமவர்களில் பலருக்குப் பல்லை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த இரண்டு தவறுகளுக்கும் விலை கொடுப்பவர்கள் ஏழைக் குடும்பத்தார்தான். ஆகவே இந்த மடலில் ஞானப்பல்லைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

ஞானப்பல் என்றால் என்ன?

மேலும் கீழும், இடமும் வலமும், எல்லாப் பற்களுக்கும் பின்னால் கடைசியாக முளைக்கும் நான்கு கடைவாய்ப் பற்களே ஞானப்பற்கள். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கின்றன. புத்தி தெளிகிற வயதில் வருவதால் இந்தப் பெயர். சிலருக்கு ஒன்றிரண்டு முளைப்பதில்லை. சிலருக்கு நான்குமே உருவாவதில்லை. அதுவும் குறையல்ல.

தாடையில் போதிய இடம் இருந்தால் இவை மற்றப் பற்களைப் போலவே நேராக முளைத்து ஆயுள் முழுவதும் வேலை செய்யும். இடம் போதாவிட்டால் பல் பாதி வெளியே வந்து நின்றுவிடும், அல்லது முன்பல்லின்மேல் சாய்ந்துவிடும், அல்லது எலும்புக்குள்ளேயே படுத்துவிடும். பாதி வெளியே வந்த பல்தான் அதிகத் தொல்லை தருவது. அதன்மேல் ஈறு ஒரு மூடியைப்போல் கிடக்கும். மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் சேரும். பிரஷ் அங்கே எட்டாது. ஈறு வீங்கும், சீழ் பிடிக்கும், வாய் நாறும், விழுங்கும்போது வலிக்கும். மேல்பல் அந்த வீங்கிய ஈற்றைக் கடிக்கக் கடிக்க வீக்கம் இன்னும் கூடும்.

ஒரு வாலிபருக்கு நேர்ந்தது

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு வாலிபர் எங்களிடம் வந்தார். கீழ்த்தாடையில் வலது பக்கத்து ஞானப்பல் பாதி முளைத்திருந்தது. முதல் தடவை வீங்கியபோது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார், மூன்று நாளில் வலி போயிற்று. சில மாதம் கழித்து மறுபடி வீங்கியது, அதே மாத்திரை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அது மட்டுமல்ல, "பிடுங்கினால் கண் போய்விடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது தடவை வீக்கம் கன்னத்தோடு நிற்காமல் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கியது. வீட்டில் தவிட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

அவரை அந்த இரவே 108 ஆம்புலன்சில் சென்னையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சீழை வெளியேற்றி, ஊசி மருந்து கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். வீக்கம் வடிந்தபின் பல்லும் எடுக்கப்பட்டது. இரண்டாம் தடவையே வந்திருந்தால் ஒரு நாள் லீவோடு முடிந்திருக்கும். கடைசியில் அவர் இழந்தது மூன்று வாரக் கூலி.

கழுத்துக்கு இறங்கும் இந்த வீக்கத்தை 1836-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. நாக்கின் அடிப்புறம் வீங்கி நாக்கை மேலே தள்ளுவதால் மூச்சுப்பாதை அடைபடக்கூடும். பெனிசிலின் வருவதற்கு முன் இதில் மரித்தவர்கள் பலர். இன்றும் பிந்தினால் உயிருக்கு ஆபத்துதான்.

எடுக்க வேண்டிய காரணங்கள்

பிரிட்டனில் மருத்துவ வழிமுறைகளை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு, நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்கும் வழக்கத்தை நிறுத்தும்படி 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. காரணம் இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு என்பதே அதன் சாரம். கீழ்க்கண்டவை தகுந்த காரணங்கள்:

1. பல்லைச் சுற்றியுள்ள ஈறு திரும்பத் திரும்ப வீங்குதல். முதல் தடவை லேசாக வீங்கினால் சுத்தம் செய்து, மருந்து கொடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் தடவையும் வந்தால் எடுப்பதைப்பற்றி யோசிக்க வேண்டும். முதல் தடவையே கடுமையாக இருந்தாலும் அப்படியே.
2. அடைத்துச் சரிசெய்ய முடியாத சொத்தை.
3. சாய்ந்த ஞானப்பல்லால் அதற்கு முன்னுள்ள நல்ல கடைவாய்ப்பல் சொத்தையாதல் அல்லது அதன் வேர் கரைதல். இது வலியில்லாமலே நடக்கும். எக்ஸ்ரேயில்தான் தெரியும்.
4. பல்லைச் சுற்றி நீர்க்கட்டியோ வேறு கட்டியோ உண்டாகுதல்.
5. வேர் நுனியில் சீழ் கட்டுதல், தாடை எலும்பில் கிருமி பரவுதல்.

பல் சாய்ந்திருக்கிறது என்பது மட்டும் ஒரு காரணம் ஆகாது. முன்பற்கள் நெருக்கமாகிவிடும் என்று பயந்து எடுப்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் எடுக்காமல் விட்ட பல்லை மறந்துவிடவும் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காரணமின்றி ஏன் எடுக்கக் கூடாது?

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருவது அதுதான். நாக்குக்குரிய இன்னொரு நரம்பும் ஞானப்பல்லுக்கு மிக அருகே செல்கிறது. பல்லை எடுக்கும்போது இவற்றில் அடிபட்டால் உதடோ நாக்கோ மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். ஆகவேதான் எடுப்பதற்கு முன் எக்ஸ்ரே அவசியம். வேர் நரம்பை ஒட்டியிருந்தால் பல்லின் மேற்பாகத்தை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவைக்கும் முறையும் உண்டு. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் "வீண் செலவு" என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கண் பார்வை போய்விடுமா?

"டாக்டரம்மா, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கிவிடுமாமே?" என்று கேட்காத தாய்மார் குறைவு. பார்வைக்குரிய நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை, மூளையும் பாதிக்கப்படுவதில்லை. இந்தப் பயத்தினால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

இன்னொரு காரியத்தையும் கவனிக்க வேண்டும். வாய் திறக்காததற்கெல்லாம் ஞானப்பல் காரணமல்ல. பாக்கும் குட்கா வகைகளும் மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். காரம் பட்டால் எரியும். அது புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது. தூக்கத்தை விரட்ட இரவு ஷிப்டில் இதை மெல்லும் வாலிபர்களிடம் தயவாய்ச் சொல்லுங்கள்.

எடுத்தபின் கவனிக்க வேண்டியவை

பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்றைக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது, அடிக்கடி துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. காயத்தில் உறைந்த ரத்தமே அதற்கு மூடி. அது கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாளில் காதுவரை வலி ஏறும். புகை பிடிக்கிறவர்களுக்கு இது அதிகம். அப்படி வலித்தால் திரும்ப வர வேண்டும். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். ஆறின கஞ்சி, தயிர் சாதம், மிருதுவான இட்லி போதும். சர்க்கரை வியாதி, இருதய நோய், ரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை இங்கே எக்ஸ்ரேயாகவும் மருந்தாகவும் மாறுகிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். பணமில்லாமல் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. உங்கள் சபையிலோ தெருவிலோ ஒரு வாலிபர் கன்னம் வீங்கி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால், இது எத்தனையாவது தடவை என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் பல் டாக்டரிடம் அனுப்புங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த வாலிபர் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். சென்ற மாதம் தன்னோடு வேலை செய்யும் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு ஈறு வீங்கியது அது இரண்டாவது தடவை.