வண்டியின் முன் பம்பரில் வின்ச் பொருத்தலாமா?



2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் கரையைக் கடந்தபோது, பல ஊர்களுக்கு மரங்களை வெட்டி இழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி போக முடிந்தது. 2015 நவம்பர் மழையில் பண்ருட்டிப் பக்கக் கிராமங்கள் வெள்ளத்தில் சிக்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படிப்பட்ட நாட்களில் அரிசி மூட்டையும் குடிநீரும் ஏற்றிப் போகும் வண்டியே சேற்றில் இறங்கிவிட்டால், உதவப் போனவர்களுக்கே உதவி தேவைப்படும்.

ஆகவேதான் சிப்காட் சுற்றுவட்டாரத்திலும் முதுநகரிலும் உள்ள நம் இளைஞர்கள், அறக்கட்டளையின் ஜீப் முன் பம்பரில் மின்சார வின்ச் பொருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சொந்தமாகத் தார், பொலிரோ வைத்திருக்கும் வீடுகளிலும் பிள்ளைகள் இதையே கேட்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அங்கே பாலைவனத்தில் இதைப் பார்த்திருப்பார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லும் முன் விவரங்களைத் திரட்டினோம். எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே தருகிறோம்.

வின்ச் என்ன செய்கிறது?

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு வலையை இழுக்கும் வின்ச்சைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. வண்டியில் பொருத்துவதும் அதே வகைதான். ஒரு டிரம், அதில் சுற்றிய கம்பி, அதைச் சுழற்றும் மோட்டார், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பல்சக்கரங்கள், அவ்வளவுதான். மோட்டார் இல்லாமலும் இந்த வேலை நடக்கும். 1988 ஜூலை 8 அன்று கேரளாவில் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் ரயில் விழுந்தபோது, பெட்டிகளைக் கரைசேர்க்க அழைக்கப்பட்டவர்கள் பேப்பூர் வட்டாரத்து மாப்பிள்ளை கலாசிகள். கைவின்ச்சும் கப்பியும் வடமும் கூட்டு உழைப்புமே அவர்களின் கருவிகள். கருவி பெரிதா சிறிதா என்பதைவிட, பாரத்தைக் கணக்கிடத் தெரிந்திருப்பதே முக்கியம்.

எவ்வளவு திறன் வேண்டும்?

வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவைத் திறன் வேண்டும் என்பது பொது விதி. வெறும் வண்டி எடையைப் பார்க்கக் கூடாது. ஆளும் சரக்கும் ஏறிய எடையே கணக்கு. மொத்த எடை 2,500 கிலோ என்றால் 3,750 கிலோ இழுவை தேவை. கடையில் திறனைப் பவுண்டில்தான் சொல்வார்கள். 3,750 கிலோ என்பது சுமார் 8,270 பவுண்டு. ஆகவே 9,000 அல்லது 9,500 பவுண்டு வின்ச் பொருந்தும்.

ஒன்றரை மடங்கு ஏன்? சக்கரம் மூழ்கும் அளவு சேற்றில் புதைந்த வண்டியை அசைக்க, அதன் எடைக்குச் சமமான இழுவை வேண்டும் என்று மீட்புப் பணியில் கணக்கிடுவார்கள். மட்கார்டு வரை இறங்கினால் அது இரண்டு மடங்காகும். கடற்கரை மணலைவிடச் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எனவே முதலில் மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டிவிட்டு, பிறகு இழுப்பதே சரி.

அட்டையில் எழுதியிருக்கும் திறன் டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டுமே உரியது. கம்பி ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றச் சுற்ற டிரம் தடித்து இழுவை குறையும். நான்காம் அடுக்கில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். ஆகவே கம்பியை நீளமாக விட்டு இழுக்க வேண்டும். ஆனால் முழுவதும் விட்டுவிடக் கூடாது. இரும்புக் கம்பியானால் 5 சுற்றாவது, செயற்கை இழைக் கயிறானால் 8 முதல் 10 சுற்றாவது டிரம்மில் மீதி இருக்க வேண்டும். கப்பி ஒன்றைச் சேர்த்துக் கம்பியை மடித்துப் போட்டால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

கம்பியா, கயிறா?

இரும்புக் கம்பி உராய்வைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் உப்பங்காற்றில் துருப்பிடிக்கும். பிரிந்த இழை உள்ளங்கையைக் கிழிக்கும். தோல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. செயற்கை இழைக் கயிறு எடை குறைந்தது, தண்ணீரில் மிதக்கும், கையைக் குத்தாது. ஆனால் கூரான விளிம்பும் மணலும் வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. கம்பிக்கு முன்புறம் உருளைகள் வேண்டும். கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வழி போதும். கம்பி ஓடித் தேய்ந்த பழைய உருளையில் புதுக் கயிற்றை விட்டால் அது அறுந்துபோகும்.

எங்கே பொருத்துவது?

நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வின்ச் பம்பரில் இருப்பதுபோலத் தோன்றினாலும், அதன் பாரம் முழுவதையும் தாங்க வேண்டியது சேஸிஸ்தான். இன்றைய வண்டிகளின் பம்பர் பிளாஸ்டிக் அல்லது மெல்லிய தகடு. மூன்று நான்கு டன் இழுவை வந்தால் அது பிய்ந்து வந்துவிடும். எனவே அந்த வண்டிக்கென்றே செய்த கனமான இரும்புத் தட்டை, இரு பக்கச் சேஸிஸ் சட்டங்களோடும், வின்ச் ஏட்டில் குறித்துள்ள தரத்துப் போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். பட்டறையில் கிடைத்த போல்ட்டைப் போடுவதோ, சேஸிஸில் நினைத்த இடத்தில் வெல்டு வைப்பதோ ஆபத்து.

கம்பியோடு சேர்த்து இந்த வகை வின்ச் 35 முதல் 40 கிலோ வரை இருக்கும். தட்டும் இரும்புப் பம்பரும் சேர்ந்தால் முன் ஸ்பிரிங்குகளுக்கு அது நிரந்தரப் பாரம். ரேடியேட்டருக்குப் போகும் காற்றும், விளக்கும், நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. ஏர்பேக் உள்ள வண்டியில் மோதலை உணரும் சென்சார் முன்பக்கம்தான் இருக்கிறது. முன்னால் கனத்த இரும்பை வைத்தால், மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச்சேரும் விதம் மாறி, ஏர்பேக் உரிய நேரத்தில் விரியாமல் போகலாம்.

மின் இணைப்பிலும் கவனம் வேண்டும். 12 வோல்ட்டில் முழுப் பாரம் இழுக்கும்போது இத்தகைய வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். ஆல்டர்னேட்டர் தருவது அதில் ஒரு சிறு பகுதி. மீதி பேட்டரியிலிருந்து போகிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சற்று நேரம் இழுத்தால் மோட்டாரை ஆறவிட வேண்டும். வின்ச்சோடு வரும் தடித்த ஒயரைப் பேட்டரியிலேயே நேரடியாக இணைத்து, நடுவில் துண்டிக்கும் சுவிட்ச் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒயர் நசுங்கும் நாளில் வண்டி தீப்பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்பக்க இரும்புத் தடுப்புகள் இந்தப் பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. சந்தையில் கிடைக்கும் வின்ச் பம்பர்கள் பெரும்பாலும் அதே இரும்புத் தடுப்பின் வடிவில்தான் இருக்கின்றன. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் கேள்வி எழும். நடந்து போகிறவர் மீது மோதும்போது, பம்பர் வாங்க வேண்டிய அடியை அவருடைய உடம்பு வாங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இழுக்கும்போது

இறுகிய கம்பி அறுந்தால் சாட்டையைப் போலத் திரும்பி அடிக்கும். எனவே கம்பியின் நடுவில் கனத்த போர்வையோ ஈரச் சாக்கோ போட வேண்டும். கம்பியின் நீளத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். இறுகிய கம்பியை யாரும் தாண்டக் கூடாது. கட்டளை ஒருவரிடமிருந்து மட்டுமே வர வேண்டும். மரத்தில் கட்டும்போது அகலமான பெல்ட்டைப் பயன்படுத்த வேண்டும். மழையில் ஊறிய மணலில் நிற்கும் தென்னை வேரோடு வரும். முந்திரிக் கிளை முறியும். மின்கம்பத்தில் ஒருபோதும் கட்டக் கூடாது. புயலுக்குப் பின் விழுந்த மரத்தோடு மின்கம்பியும் கிடக்கலாம். மின்வாரியத்தினர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம் என்று சொல்லாமல் அந்த மரத்தில் இரும்புக் கம்பியைப் பூட்டக் கூடாது. இழுப்பதற்கான வின்ச்சைக் கொண்டு ஆளைத் தூக்கவும் கூடாது.

எங்கள் முடிவு

அறக்கட்டளையின் பணம் ஜமாஅத் மக்கள் தந்த அமானிதம். ஆண்டில் சில நாட்கள் மட்டுமே தேவைப்படும் ஒன்றுக்காக, ஆண்டு முழுவதும் பிள்ளைகளையும் நோயாளிகளையும் ஏற்றிச் செல்லும் வண்டியைச் சட்டத்துக்கு முரணாக மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே ஜீப்பின் பம்பரைத் தொடப்போவதில்லை. அதற்குப் பதிலாக, நெம்புகோலால் இயக்கும் 1.6 டன் கைவின்ச் ஒன்றும், ஒரு கப்பியும், இரண்டு பெல்ட்டும், ஷாக்கிள்களும், மண்வெட்டிகளும் வாங்குகிறோம். சிப்காட் ஆலைகளில் இயந்திரம் ஏற்றி இறக்கும் சகோதரர்களுக்கு இந்தக் கருவி பழக்கமானது. கப்பியோடு சேர்த்தால் சுமார் 3 டன் இழுக்கும். இதற்கு வண்டியில் எந்த மாற்றமும் தேவையில்லை. பேட்டரி தீரும் கவலையும் இல்லை. வேகம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் பாரம் எவ்வளவு என்பது கையிலேயே தெரியும்.

சொந்த வண்டியில் மின்சார வின்ச் வேண்டும் என்பவர்கள், காசு கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். கடைக்காரர் வாயால் தரும் உறுதி சாலையில் செல்லாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ரிக்கிங் வேலை தெரிந்த சகோதரர்களைக் கொண்டு ஒரு நாள் பயிற்சி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஜீப் கேட்ட இளைஞர்கள் அவசியம் வர வேண்டும். கருவியைக் கையாளப் போவது அவர்கள்தான்.