திருகோணமலைத் துறைமுகத்துக்கு மூன்று நிறமிகள் போதுமா?

நீர்வண்ண ஓவியர் நிறங்களைக் குறைப்பது சிக்கனத்துக்காக மட்டுமன்று. வண்ணம் தரும் நுண்துகளாகிய நிறமி ஒவ்வொன்றும் வெள்ளொளியின் ஒரு பகுதியை உட்கொண்டு எஞ்சியதையே திருப்பி அனுப்புவதால், பல நிறமிகள் கலக்கும்போது உட்கொள்ளப்படும் ஒளி கூடி, கலவை சேறாகிவிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தைத் தீட்ட அல்ட்ராமரின் நீலம், சுட்ட சியன்னா எனும் செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர் ஆகிய மூன்றே பெரும்பாலும் போதும். நீலமும் செம்பழுப்பும் ஒன்றன் நிறத்தை மற்றொன்று தணிக்கும் எதிர்நிறங்களாகையால், அவற்றின் விகிதத்தை மாற்றுவதாலேயே வடகீழ்ப் பருவ மேகத்தின் குளிர்ந்த சாம்பலும் ஈரமணலின் வெதுவெதுப்பான சாம்பலும் கிடைக்கின்றன. வானிலும் நிலத்திலும் அதே துகள்கள் கலந்திருப்பதால் படம் தானாகவே இசைவுறுகிறது. அல்ட்ராமரின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் படிந்து பொரிபொரியாகத் தோன்றுவது, கோணேசர் ஆலயம் அமைந்த சுவாமி மலையின் பாறைமேனிக்கு உழைப்பின்றிக் கிடைக்கும் நயம். ஓவியர் சாமுவேல் டேனியல் இலங்கைக் காட்சிகளை வெளியிட்ட 1808இல் இந்நீலம் அரிய கல்லை அரைத்துப் பெறப்பட்டது. 1828இல் பிரான்சில் செயற்கை முறை அறிவிக்கப்பட்ட பின்னரே மலிந்தது.

ஆயினும் நிலாவெளியின் ஆழமற்ற பசுநீலத்துக்கு இம்மூன்றும் உதவா. அல்ட்ராமரின் சற்றே செம்மை சார்ந்தது. மஞ்சள் சேர்ந்தால் மங்கிய பச்சையே தரும். அது கரையோரப் பற்றைக்காட்டுக்குப் பொருந்தும், கடலுக்கன்று. அங்கே பச்சை சார்ந்த தாலோ நீலத்தை நான்காவதாகச் சேர்ப்பதே நேர்மையான வழி. வெண்மைக்கோ நிறமியே தேவையில்லை, தீட்டாமல் விட்ட காகிதமே நுரையாகும்.