உதவித்தொகை வந்திருக்கிறது என்று போன் வந்தால்...

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அவர் பிறந்த நம் காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. கூடவே, யார் போனில் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஏழைகளின் கணக்குக்குப் பணம் வருகிறது என்று தெரிந்தால் அதைப் பறிக்கவும் ஆள் வந்துவிடுகிறது.

நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையின் பெயராலும் இதே மோசடி நடக்கிறது. பெற்றோருக்கு ஒரு போன் வரும். கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார்கள். உதவித்தொகை வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார்கள். போட்ட நொடியில் கணக்கில் இருந்த பணம் போய்விடும். இப்படி ஏமாற்றிய ஒரு கும்பலைக் கோவை சைபர் கிரைம் போலீசார் 2024-ல் கைது செய்தார்கள்.

விவரம் தெரியாதவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் கேட்க வேண்டியது வேறு. பிள்ளையின் வகுப்பும் அப்பாவின் செல்போன் எண்ணும் அந்தக் கும்பலுக்கு எப்படிக் கிடைத்தன?

ஆதிதிராவிடர் மாணவர் ஒருவர் கல்லூரியில் சேர்ந்து போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் அத்தனையும் தர வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் இல்லை. இந்தத் தாள்கள் பள்ளி, கல்லூரி, இ-சேவை மையம், பிரவுசிங் சென்டர் எனப் பல கைகள் மாறுகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இத்தனை இடங்களில் தன் விவரங்களைக் கொடுக்க வேண்டிய தேவையே வருவதில்லை. சலுகையை நம்பிப் படிக்கிறவரின் விவரம்தான் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிறது.

அரசு அலுவலகக் கணினிகளும் பத்திரமாக இல்லை. தமிழக ரேஷன் பயனாளிகள் சுமார் 49 லட்சம் பேரின் ஆதார் எண் உள்ளிட்ட விவரங்கள் இணையத்தில் கசிந்திருப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் 2021-ல் தெரிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டார்கள். 2024 மே மாதம் காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்தார்கள். காவல்துறையின் தளத்துக்கே இந்த நிலை என்றால், நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் எவ்வளவு பத்திரம்?

தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்றம் 2023-ல் ஒரு சட்டம் இயற்றியது. தகவலைக் காக்கத் தவறும் அமைப்புக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்த அபராதம் மத்திய அரசின் கருவூலத்துக்குப் போகுமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடாக வராது. வங்கிக்குப் போனாலோ, ரகசிய எண்ணைப் போட்டது நீங்கள்தானே என்கிறார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், புகார் தரும்வரை ஏற்படும் இழப்பு அவரையே சேரும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு சுற்றறிக்கை. வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே புகார் தருவதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மாணவர்கள் இதை வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அனுப்புவதற்கு மட்டுமே தேவை. உதவித்தொகை தர எந்தத் துறையும் கியூ.ஆர். கோடு அனுப்பாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் தெரிவித்து, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, சில ஆயிரம் தருகிறோம் என்று இளைஞர்களிடம் வருகிறார்கள். திருடிய பணத்தை நம் பிள்ளையின் கணக்கு வழியாகக் கடத்துவதற்குத்தான் இது. பிடிபடும்போது வழக்கில் முதலில் வருவது கணக்கு வைத்திருப்பவரின் பெயர். கணக்கும் முடக்கப்படும். உதவித்தொகை வருவதும் அதே கணக்குக்குத்தான்.

எச்சரிக்கையாக இருங்கள் என்று மக்களுக்குச் சொல்வதோடு அதிகாரிகளின் பொறுப்பு முடிந்துவிடாது. உதவித்தொகைப் பட்டியலைச் செல்போன் எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையும் நிறுத்த வேண்டும். விண்ணப்ப நகல்களை வைத்திருக்கும் மையங்களைச் சோதிக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே சைபர் போலீசார் வந்து பேச வேண்டும். விவரம் கசிந்தால் அது யாருடையதோ அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதிக் கொடுக்க வாலாஜாபாத் மாணவருக்கும் உரிமை உண்டு, உத்திரமேரூர் மாணவருக்கும் உரிமை உண்டு.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-ல், டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது தொடங்கியது. அவரே பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். யாரும் தானமாகத் தந்த பணமல்ல இது, நமக்குரியது. அது பிள்ளையின் கைக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும்வரை அரசின் பொறுப்பு தீராது.